வாழையடியில் கிடைத்த அரசி

அமராவதி ஆறு தன் அகலத்தின் பெரும்பகுதியை மணலுக்கும் சீமைக்கருவேலத்துக்கும் விட்டுக்கொடுத்துவிட்டு ஒல்லியாய் ஓரமாக ஒதுங்கிப் போகிற வளைவில், முன்பு எந்தப் பெயரில் எந்த நகரம் இருந்ததோ அதன் உச்சந்தலையின்மேல், எங்கள் வெண்ணிலா நகர் இருக்கிறது. இங்கே ஆழ்துளைக் கிணறு போட்டால் தண்ணீருக்கு முன்னால் கறுப்பும் சிவப்புமாகப் பானையோடுகள் வரும். கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி வெட்டினால் சங்கு வளையல் துண்டுகள் வரும். அவற்றைச் சாலைப் பள்ளங்களில் கொட்டி நிரவி, அதன்மேல் காரை ஓட்டிக்கொண்டு போகிற அளவுக்குப் பழமையோடு எங்களுக்குப் பழக்கம் இருந்தது.

எங்கள் வீடுகளுக்கு முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று. முன்புறத்தில் கார் நுழைகிற இரும்புக் கதவும் கிரானைட்டில் செதுக்கிய பெயரும் இருக்கும். பின்புறத்தில் புறக்கடையும், அதை ஒட்டி வேலைக்கு வருகிறவர்களும் சிலிண்டர் கொண்டுவருகிறவர்களும் மட்டும் நடக்கிற பின்சந்தும் இருக்கும். எந்த வீட்டுப் புறக்கடையானாலும் ஒரு குழாய், அதன் கீழே ஏனம் விளக்குகிற கல், கல்லிலிருந்து வழிகிற தண்ணீர் வீணாகாமல் போய்ச் சேர ஒரு விரல் ஆழத்துக்குக் கீறிய வாய்க்கால், அந்த வாய்க்கால் முடிகிற இடத்தில் ஒரு வாழைப்புதர் என்ற வரிசை மாறாது. பாத்திரத்தை எங்கள் பக்கத்தில் ஏனம் என்றுதான் சொல்வோம். ஏனம் விளக்கிய தண்ணீர் வாழைக்குப் போக வேண்டும் என்பதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை; எஞ்சினியர் வரைந்து தருகிற வீட்டுப் படத்தில் அந்த வாய்க்கால் இருக்காது; ஆனாலும் குடிபுகுந்த மறுவாரமே அது அங்கே இருக்கும்.

அந்தக் கற்களுக்கெல்லாம் முன்னால் குந்தி உட்கார்ந்தவள் மாராயி. நகரின் முதல் வீடு எழும்பிய நாளிலிருந்து, ஒரு வீட்டின் கல்லிலிருந்து எழுந்து அடுத்த வீட்டின் கல்லுக்கு என்று, பின்சந்தின் ஒரு முனையில் விடிந்து மறுமுனையில் அந்தியை அடைகிறவள். இடது காதின் மடல் அறுந்து இரண்டாகத் தொங்கும். இளவயதில் போட்டிருந்த கனத்த தோடு, கைக்குழந்தை பிடித்து இழுத்ததில் போனது. தன் வேலையில் அவளுக்கு அப்படியொரு கர்வம். அடிப்பிடித்த பால் சட்டியைக் கொடுத்தால் முகம் சுளிக்க மாட்டாள், ஒரு சவாலைக் கண்டவள்போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அவள் விளக்கிக் கவிழ்த்த பித்தளைக் குடங்களும் செம்புத் தவலைகளும் வெயிலில் வரிசையாக மின்னும்போது, கூச்சம் தாங்காமல் பருந்துகள் எங்கள் நகரைச் சுற்றிக்கொண்டு போகும் என்று சொல்வார்கள். நானும் பார்த்திருக்கிறேன், சுற்றிக்கொண்டுதான் போயின.

இப்படிப்பட்ட நகரில் மரகதவல்லி நாணயம் தேடத் தொடங்கினார். தொலைபேசித் துறையில் நிலத்தடிக் கேபிள்களின் பழுதைக் காதால் கேட்டுக் கண்டுபிடிக்கிற பிரிவில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் தரைக்கடியிலிருந்து ஏதாவது ஒன்று தன்னைக் கூப்பிட வேண்டும் என்ற ஏக்கம் தீராமல், ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கிக்கொண்டவர். நீண்ட கைப்பிடியின் முனையில் தோசைக்கல்லைப் போன்ற வட்டத் தட்டும், காதில் ஹெட்ஃபோனும், இடுப்பில் ஒரு சிறிய கொத்துக்கரண்டியுமாக, புல்லைக்கூடக் கலைக்காமல் அவர் தட்டை இடமும் வலமும் வீசிக்கொண்டு நடப்பதைப் பார்த்தால், தரைக்கு விசிறிவிடுகிறார் என்று தோன்றும். ஆணி என்றால் கருவி உறுமும், சோடா மூடி என்றால் குரைக்கும், செம்பு என்றால் மட்டும் மணியைப் போல ஒரு இனிய ஒலி எழும் என்று அவர் சொல்வார். ஒவ்வொரு வீட்டிலும் அனுமதி கேட்டு, தோண்டிய குழியை மூடி, புல்லைத் திரும்பப் பதித்து, கிடைத்த கொலுசுத் திருகாணிகளையும் தொலைந்துபோன சாவிகளையும் உரியவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவார்.

மணி முதன்முதலாக ஒலித்தது நல்லசேனாபதி வீட்டுப் புறக்கடையில். நல்லசேனாபதி பேருந்துகளுக்குக் கூண்டு கட்டுகிற பட்டறையின் முதலாளி, எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர், மைக் கிடைத்தால் பேசுகிறவர், கிடைக்காவிட்டாலும் பேசுகிறவர். அவருடைய மனைவி இந்திராணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாழைப்புதரின் ஈரமண்ணிலிருந்து, பாசி படிந்த கல்லைப்போலப் பச்சையாய், கட்டைவிரல் நகத்தளவு நாணயம் ஒன்றை மரகதவல்லி வெளியே எடுத்தார்.

“புளி மட்டும் போட்டுடாதீங்க இந்திராணி. தண்ணிகூட வேண்டாம். இந்தப் பச்சைதான் இதோட வயசு. அதைத் தேய்ச்சா வயசையே தேய்ச்ச மாதிரி” என்றார்.

“சேச்சே, நான் எதுக்குங்கக்கா தேய்க்கறேன்?” என்றார் இந்திராணி.

அவர் சொன்னது உண்மை. அவர் தேய்க்கவில்லை. வியாழக்கிழமை மாலையில், மறுநாள் பூசைக்காக விளக்கையும் தூபக்காலையும் மணியையும் விளக்கப் போடும்போது, கறுத்த செம்பைக் கண்டால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாத எங்கள் ஊர்ப் பெண்களின் சுபாவப்படி, அதையும் அவற்றோடு சேர்த்துப் போட்டார். மாராயி புளிச்சக்கையும் உப்பும் வைத்து, சாமி சாமான் என்ற மரியாதையோடு, அதை இரண்டு பக்கமும் விளக்கி வைத்தாள். உலகத்தில் எந்த நாணய ஆய்வாளரும் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற காரியம் அது. மறுநாள் காலையில் மரகதவல்லியும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்; ஆனால் வேறு காரணத்துக்காக. பச்சை போய், இளஞ்சிவப்பாய்ப் பளபளத்த செம்பில், ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம் தெரிந்தது. தலை சற்றே குனிந்திருந்தது. கொண்டை பிடரியில் இறங்கியிருந்தது. மூக்கு கூர்மையாகவும் தாடை உறுதியாகவும் இருந்தன.

சட்டப்படி தகவல் சொல்ல வேண்டும் என்று மரகதவல்லி கடிதம் எழுதியதில், அருங்காட்சியகத்திலிருந்து காப்பாட்சியர் இம்மானுவேல் வந்தார். மெலிந்தவர், மெதுவாகப் பேசுகிறவர். லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, “பழைய காசுகளில் யானை பார்த்திருக்கிறேன், வில்லும் அம்பும் பார்த்திருக்கிறேன், மீன் பார்த்திருக்கிறேன். இந்த அம்மாவைப் பார்த்ததில்லை. எந்த அரச வம்சத்திலும் இவர் இல்லை. ஆனால் செம்பு பழையது, அச்சும் பழையது, அதில் சந்தேகமே இல்லை” என்றார்.

அவர் சொன்னதில் ‘அரச வம்சம்’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் எங்கள் நகரின் எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தன.

அதன்பிறகு மரகதவல்லிக்கு ஓய்வில்லை. எங்க வீட்டுக்கு வாங்க, எங்க வீட்டுக்கு வாங்க என்று, முன்பு புல் கெட்டுவிடும் என்று கதவைச் சாத்தியவர்களெல்லாம் இப்போது மோரும் முறுக்கும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர் எந்த வீட்டுக்குப் போனாலும் கருவி முன்வாசலில் ஊமையாக இருக்கும், பக்கவாட்டில் உறுமும், புறக்கடையில் வாழைப்புதரை நெருங்கியதும் மணி அடிக்கும். விளக்க வேண்டாம் என்று அவர் ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார். ஒவ்வொரு வீட்டிலும் தலையாட்டினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் வியாழக்கிழமை வந்தது. வெளியே வந்த எல்லா நாணயங்களிலும் அதே பெண், அதே குனிந்த தலையோடு, எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் அடைந்த பெருமிதத்தைச் சொல்லி முடியாது. எந்த வரலாற்றிலும் இல்லாத ஒரு அரசி எங்கள் வாழையடியில் இருந்திருக்கிறாள். எங்கள் காய்கறித் தோல்களுக்கும் கழிவுநீர்க் குழாய்களுக்கும் இடையில் பொறுமையாக இருந்திருக்கிறாள். ஒவ்வொரு வீடும் அவளிடம் தன் சாயலைக் கண்டது. “மூக்கைப் பாருங்க, எங்கம்மாவைப் பெத்த அப்புச்சி வீட்டுப் பக்கம் எல்லாருக்கும் இதே மூக்குதான்” என்று இந்திராணி சொன்னார். எதிர்வீட்டு வங்கி மேலாளர், அந்தத் தாடை தன் குலத்துக்கே உரியது என்று உறவினர்களுக்குப் படம் அனுப்பினார். தலை ஏன் குனிந்திருக்கிறது என்பதைப் பற்றி மாலை நடைப்பயிற்சியில் விவாதம் நடந்தது. அடக்கம் என்றார்கள் சிலர். தியானம் என்றார்கள் சிலர். மக்கள் குறையைக் கேட்கிறாள் என்றார் நல்லசேனாபதி. கடைசியாக, நகரின் பெயரையே அரசி நகர் என்று மாற்றத் தீர்மானித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு விழாவும் குறித்து, நாணயத்தைக் கார்ச் சக்கரம் அளவுக்குப் பெரிதாக்கிய ஃபிளெக்ஸ் பலகை ஒன்றை நுழைவாயிலில் கட்டினார்கள். அந்தப் பலகையின் கீழே மாராயி தினமும் தன் பையோடு போனாள், வந்தாள். தினமும் நாங்கள் பலகையைப் பார்த்தோம். தினமும் மாராயியையும் பார்த்தோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

விழாவுக்கு முந்தைய ஞாயிறு, பலகையின் கீழே நின்று நல்லசேனாபதி பந்தல்காரரிடம் அளவு சொல்லிக்கொண்டிருந்தபோது, சிலிண்டர் வண்டியிலிருந்து இறங்கிய ஆள் அண்ணாந்து பார்த்துவிட்டு, எந்த வியப்பும் இல்லாமல் கேட்டார்:

“ஏனுங்ண்ணா, நம்ம மாராயக்கா படத்த எதுக்குங்க இத்தாப் பெருசா கட்டியிருக்கறீங்க? அக்காளுக்கு எதாச்சும் ஆயிப்போச்சுங்களா?”

“யோவ், அது அரசிய்யா!”

“அரசியோ, ஆரோ. காதப் பாருங்க. அறுந்த காது.”

அங்கிருந்த எல்லோரும் காதைப் பார்த்தார்கள். நாணயத்தில் தேய்மானம் என்று காப்பாட்சியர் குறித்திருந்த பிளவு, பெரிதாக்கிய படத்தில் தெளிவாக, இரண்டு மடலாகத் தொங்கியது. அப்போது மாராயி பின்சந்தின் முனையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். அவளும் அண்ணாந்து பார்த்தாள். முகத்தைச் சற்றுத் திருப்பி, இன்னும் சற்றுத் திருப்பி, கண்ணாடிக் கடையில் நிற்கிறவளைப்போலப் பார்த்துவிட்டு, “அட, ஆமாங்க. நானேதான்” என்றாள். “ஏனம் வெளக்கறப்ப இப்படித்தான் இருப்பேனாட்ட இருக்குது. நான் எங்கீங்க பாத்தேன்?”

தியானம் என்றவர்களும் அடக்கம் என்றவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அன்று மாலைக்குள் பெருமிதம் கசந்துவிட்டது. அப்புச்சி வீட்டு மூக்கு என்று சொன்னவர்களால் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியவில்லை. உறவினர்களுக்கு அனுப்பிய படத்தை அழிக்க முடியவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு விளக்கம் கிடைத்தால் அதை யாரும் உரசிப் பார்ப்பதில்லை. நல்லசேனாபதி விளக்கம் கொடுத்தார். பட்டறைக்காரர் அல்லவா, அவருக்கு அச்சும் அழுத்தமும் தெரியும். சங்கத்தின் மைக்கை எடுத்து, நகர் முழுக்கக் கேட்கும்படி அவர் சொன்னார்: “எல்லா வீட்டுக் காசும் யார் கைக்குப் போச்சு? மாராயி கைக்கு. அவ அக்கா மகன் எங்க வேலை செய்யறான்? லேத்துப் பட்டறையில. நம்ம அசல் காசையெல்லாம் திருடி வித்துட்டு, தன்ற மூஞ்சிய அச்சுப் போட்டு நம்ம தலையில கட்டிட்டா. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள அசலைக் கொண்டுவந்து வைக்கலீன்னா போலீசுக்குப் போறோம்.”

மாராயி அவர் வீட்டுக் கல்லின் முன்னால்தான் அப்போது குந்தியிருந்தாள். கையிலிருந்த தவலையைப் பாதியில் வைக்கவில்லை. விளக்கி முடித்து, அலசி, கவிழ்த்துவிட்டு எழுந்து வந்தாள்.

“வேலைக்கு வராதன்னு சொல்லுங்கண்ணா, போயிக்கறேன். உங்க வீடு, உங்க ஏனம். ஆனா திருடின்னு சொன்னீங்களே, அந்த ஒரு சொல்ல நான் எடுத்துக்கிட்டுப் போக முடியாதுங்க. அதோட நான் எந்தப் பொறக்கடையில போயி நிக்கறது?”

“காசக் கொண்டா, அந்தச் சொல்லத் திருப்பி எடுத்துக்கறேன்.”

“நீங்க குடுத்த காசுதானுங்க உங்க சாமி தட்டுல இருக்குது” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாளிலிருந்து எல்லா வீடுகளும் அவளை வர வேண்டாம் என்றன. அவள் வராத அந்த வாரத்தில் எங்கள் கற்கள் காய்ந்தன. வாழை இலைகள் வெயிலுக்கு முன்பே மடங்கிக்கொண்டன. சமையலறைத் தொட்டியில் எவ்வளவு தேய்த்தாலும் ஏனங்கள் மங்கலாகவே இருந்தன. பருந்துகள் எங்கள் கூரைகளுக்கு மேலே தாழ்வாக, அச்சமில்லாமல் வட்டமிட்டன.

மரகதவல்லியால் அந்த வாரம் தூங்க முடியவில்லை. நாணயங்களை மண்ணிலிருந்து எடுத்த கை அவருடையது; அதன் பச்சையையும் பருமனையும் விளிம்பின் சிறு வெடிப்பையும் அறிந்த கண் அவருடையது; மாறவில்லை என்று அவருக்குத் தெரியும், ஆனால் தெரிந்ததை மற்றவர்கள் கண்முன் எப்படி வைப்பது என்று தெரியவில்லை. கேபிள் பழுதில் அவர் கற்றிருந்த வழி ஒன்று உண்டு: ஒரு சந்திப்பின்மேல் சந்தேகம் வந்தால், யாருடைய கையும் படாத இடத்தில் கம்பியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். யாருடைய கையும் படாத இடம் எது என்று யோசித்தபோது நல்லசேனாபதியின் கார் ஷெட் நினைவுக்கு வந்தது. ஏனம் விளக்குகிற கல்லுக்கு அடுத்தாற்போல், முன்பு பாதி வாழைப்புதர் இருந்த இடத்தை மூடி, பேருந்தே ஏறினாலும் விரிசல் விடாது என்று அவர் பெருமையடித்துக்கொண்டு கான்கிரீட் போட்ட தரை அது. மரகதவல்லி போய் அந்தத் தரைமேல் தட்டை வீசினார். மணி அடித்தது.

“உடைச்சுப் பாக்கலாங்களா?” என்று கேட்டார்.

“உடைங்கக்கா!” என்றார் நல்லசேனாபதி. “எல்லார் முன்னாலயும் உடைங்க. இந்தத் தரைக்கடியில எலி போயிருக்காது, மாராயியா போயிருப்பா? அசல் ராசா காசுதான் வரும். அப்ப இருக்குது அவளுக்கு.”

ஞாயிற்றுக்கிழமை, விழாவுக்குப் போட்ட பந்தலும் மைக்கும் நாற்காலிகளும் அப்படியே இருக்க, நகரே கார் ஷெட்டைச் சுற்றி நின்றது. காப்பாட்சியர் இம்மானுவேல் ஒரு வாளித் தண்ணீரும் மெல்லிய தூரிகையும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மாராயிக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எல்லோரும் பின்சந்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரும்புக் கதவு திறக்கிற ஓசை எங்கள் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

மாராயி முன்வாசல் வழியாக வந்துகொண்டிருந்தாள். தலையை நீவி வாரி, கனகாம்பரம் வைத்து, கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டியிருந்தாள். காரைத் தாண்டி, துளசி மாடத்தைத் தாண்டி, இத்தனை காலமும் தான் மிதிக்காத டைல்ஸ் தரையில் செருப்பைக் கழற்றாமல் நடந்து வந்து நின்றாள்.

“என்ன மாராயி, முன்னால வந்திருக்கறே?” என்றார் இந்திராணி, வேறு என்ன கேட்பது என்று தெரியாமல்.

“திருடியிருந்தா பின்னால வந்திருப்பேனுங்க அம்மிணி.”

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு, சிரித்தது தான் இல்லை என்பதுபோல இருமினார்கள்.

இயந்திரம் கான்கிரீட்டை உடைத்தது. நல்லசேனாபதி சொன்னது பொய்யில்லை, நல்ல கான்கிரீட், தன் உறுதியை நிரூபிப்பதற்காகவே நெடுநேரம் உடையாமல் இருந்து அவரைப் பெருமைப்படுத்திவிட்டுப் பிறகு விரிந்தது. அடியில் மண் ஈரமாக இருந்தது. பக்கத்துக் கல்லிலிருந்து வழிந்த தண்ணீர், மேலே வாழை போய்விட்டது என்பதை அறியாமல், பழைய வழியிலேயே கசிந்துகொண்டிருந்திருக்கிறது; அடியில் வாழைக்கிழங்கு ஒன்று வெளிச்சமில்லாமல் வெள்ளையாகக் குருத்து விட்டிருந்தது. அதன் வேர்களுக்கு நடுவே, மாம்பிஞ்சைப் போலப் பச்சையாக, நாணயம் இருந்தது. காப்பாட்சியர் தன் கையாலேயே எடுத்தார். புளி இல்லை, உப்பு இல்லை. வெறும் தண்ணீரில் நனைத்து, தூரிகையால் மண்ணை மட்டும் தள்ளி, லென்ஸை வைத்தார். பிறகு லென்ஸை நல்லசேனாபதியிடம் நீட்டினார்.

நல்லசேனாபதி குனிந்து பார்த்தார். பச்சை அப்படியே இருந்தது, வயசு அப்படியே இருந்தது, அந்த வயசுக்குள்ளிருந்து மாராயி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற நாணயங்களில் இருந்ததைப்போலப் பக்கவாட்டில் இல்லை. தலை குனிந்தும் இல்லை. நேராக நிமிர்ந்து, அறுந்த காதும் அறுபடாத காதும் இரண்டும் தெரிய, பார்க்கிறவரின் கண்ணுக்குள் பார்க்கிறவளாக, கொண்டையில் ஒரு சரம் பூவோடு இருந்தாள்.

“நாணயத்தில் ஆள் நேராகப் பார்ப்பது அபூர்வம்” என்றார் இம்மானுவேல். “அதற்குப் பெரிய துணிச்சல் வேண்டும். அச்சுக்காரருக்கும் வேண்டும், அந்த ஆளுக்கும் வேண்டும்.”

நாணயம் கைமாறிக் கைமாறி, எல்லோரையும் ஒருமுறை நேருக்கு நேர் பார்த்துவிட்டு, கடைசியாக மாராயியின் உள்ளங்கைக்கு வந்தது. அவள் அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தாள், பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், வாழைவேரின் மண் ஒட்டியிருந்த விளிம்பைப் பெருவிரலால் துடைக்கப் போய், பழக்கத்தை அடக்கிக்கொண்டாள்.

“காலைல தலை சீவுனது வீண் போகலீங்க” என்றாள்.

வாழையடி மண் இத்தனை காலமாக யாருடைய கை அலசிய தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது என்பதை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒருவர்பின் ஒருவராக, எங்கள் கண்கள் அந்தக் கல்லுக்கும், கல்லிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து உடைந்த தரைக்கும் போய்த் திரும்பின.

நல்லசேனாபதி நல்ல மனிதர்தான். தோற்றுப் பழக்கமில்லாதவர், அவ்வளவே. உடைந்த கான்கிரீட்டைப் பார்த்துக்கொண்டே, பக்கத்தில் நிற்கிறவருக்கு மட்டும் கேட்கிற குரலில், “தப்பாப் போச்சு மாராயி, மனசுல வெச்சுக்காதே” என்றார்.

மாராயி அசையவில்லை. “மைக்குல சொன்னதை மைக்குலதானுங்க எடுக்கோணும்” என்றாள்.

மைக் பந்தலில்தான் இருந்தது. கார் ஷெட்டிலிருந்து பந்தலுக்கு நடக்கிற அந்தச் சிறிய தூரத்தை, தன் வாழ்நாளில் முதன்முறையாகப் பேச விருப்பமில்லாமல் மைக்கை நோக்கிப் போகிற மனிதராக, அவர் நடந்தார். ஒலிபெருக்கி நுழைவாயில் வரைக்கும், பின்சந்து வரைக்கும், சாலையைத் தாண்டிப் பேருந்து நிறுத்தம் வரைக்கும் கேட்டது: “வெண்ணிலா நகர் குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம். மாராயி திருடலீங்க. மாராயியைத் திருடின்னு சொன்னது நானுங்க. அது பொய்யுங்க.” கொஞ்சம் தயங்கி, யாரும் கேட்காமலேயே, “அந்தக் காசுல இருக்கறது அவங்கதானுங்க” என்றும் சேர்த்துக்கொண்டார். அவ என்று தொடங்கிய மனிதர் அவங்க என்று முடித்ததை மரகதவல்லி கவனித்தார். காதால் பிழைத்தவர் அல்லவா.

பலகையை யாரும் அவிழ்க்கவில்லை. அரசி நகர் என்ற பெயரும் நின்றது. மறுவாரத்திலிருந்து மாராயி வேலைக்கு வந்தாள். முன்வாசல் வழியாகத்தான் வந்தாள். எந்த வீட்டிலும் யாரும் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. வாழை இலைகள் மடங்கியதை விரித்துக்கொண்டன, பருந்துகள் மீண்டும் சுற்றிக்கொண்டு போயின. ஒரு மாற்றம் மட்டும் உண்டு. வியாழக்கிழமை மாலைகளில் பூசைச் சாமான்களை அவளிடம் போடுவதில்லை. எங்கள் வீட்டு ஆண்களும் பெண்களும் தாங்களே கல்லின் முன்னால் குந்தி உட்கார்ந்து, முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு, புளி வைத்துத் தேய்த்து, கை அலசிய தண்ணீர் ஒரு சொட்டும் சிந்தாமல் வாழைக்குப் போகிறதா என்று எட்டிப் பார்க்கிறார்கள். நல்லசேனாபதி எல்லோரையும்விட அதிகமாகத் தேய்க்கிறார். அவ்வப்போது மரகதவல்லியை அழைத்து, “மணி கேக்குதுங்களாக்கா?” என்பார். அவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இன்னும் இல்லீங்க தம்பி” என்பார். இதுவரை எங்களில் யாருடைய ஒரு காது மடல்கூட மண்ணிலிருந்து வரவில்லை.

அருங்காட்சியகத்தில் நாணயங்களை வைக்கிற நாளில் காப்பாட்சியர் மாராயியை அழைத்திருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் குனிந்த முகங்கள் எல்லாம் ஒரு வரிசையாகவும், நிமிர்ந்த முகம் அவற்றுக்கு நடுவே தனியாகவும் இருந்தன. விவர அட்டை மட்டும் எழுதப்படாமல் இருந்தது. எந்த இடத்திலும் ஊகமாக எதையும் எழுதிப் பழகாத இம்மானுவேல், பேனாவோடு அவளிடம் கேட்டார்.

“பெயர் தெரியும். ஆட்சிப் பகுதி என்னவென்று எழுதட்டும்?”

“எல்லா வீட்டுப் பொறக்கடையும்னு எழுதுங்க.”

எழுதினார். “காலம்?”

பெட்டியின் கண்ணாடியில் யாருடைய விரல் ரேகையோ படிந்திருந்ததை முந்தானையால் ஒருமுறை அழுத்தித் துடைத்தாள். துடைத்த இடத்தில் அவளும், கண்ணாடிக்குப் பின்னால் செம்பில் இருந்தவளும், ஒரே உயரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“இப்போன்னு எழுதுங்க சார்” என்றாள்.